திருக்காட்சிப் பெருவிழா: யாருக்குக் காட்சி கொடுத்தார்?

திருமுழுக்குப் பெற ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஓர் அம்மா, ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில் திருப்பலி முடிந்து கோயில் படியிறங்கும்போது என்னிடம் கேட்டார்: “இன்றைக்குத் திருக்காட்சிப் பெருவிழா என்று சாமியார் சொன்னாரே, யாருக்குக் காட்சி கொடுத்தார்?”

வேளாங்கண்ணியில் மாதா காட்சி கொடுத்தார், லூர்து நகரில் பெர்னதெத்துக்குக் காட்சி கொடுத்தார் என்று கேட்டுப் பழகியவர் அவர். அந்தப் பழக்கத்தில் எழுந்த கேள்வி. ஆனாலும் இந்தத் திருநாளைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். “பிற இனத்தாருக்கு” என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டேன். அவர் தலையசைத்தார், விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவரைப் போலப் புதிதாகத் திருச்சபைக்குள் வருகிறவர்களையும், பிறந்ததிலிருந்தே கத்தோலிக்கராக இருந்தும் இந்த நாளை “கிறிஸ்துமஸ் குடிலைப் பிரிக்கும் ஞாயிறு” என்று மட்டும் அறிந்திருப்பவர்களையும் மனத்தில் வைத்து, அந்தப் பதிலை இங்கே விரித்து எழுதுகிறேன்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். இந்தத் திருநாளுக்குக் கிரேக்க மொழியில் ‘எப்பிபனேயா’ என்று பெயர். மறைந்திருந்தது வெளியே தெரிவது என்று பொருள். தெய்வம் ஒன்று மனிதர் முன் தோன்றுவதையும், பேரரசர் ஒருவர் ஒரு நகரத்துக்கு எழுந்தருளுவதையும் அந்தக் காலத்தில் இந்தச் சொல்லால் குறித்தார்கள். மக்கபேயர் நூலில் வருகிற அந்தியோக்கு அரசன் தனக்குச் சூட்டிக்கொண்ட ‘எப்பிபான்’ என்ற பட்டமும் இதிலிருந்து வந்ததுதான். கண்முன் தோன்றிய தெய்வம் நான் என்று உரிமை கொண்டாடிய பட்டம் அது. எருசலேம் கோவிலைத் தீட்டுப்படுத்தியவன் அவன். அதே சொல்லை எடுத்து, பெத்லகேமில் ஒரு வீட்டில் தாயோடு இருந்த குழந்தைக்குத் திருச்சபை சூட்டியிருக்கிறது. கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியில், “மனிதர் அனைவருக்கும் மீட்பராம் கடவுளின் அருள் வெளிப்பட்டுள்ளது” என்று தீத்துவுக்கு எழுதிய திருமுகத்திலிருந்து வாசிக்கிறோமே, அங்கே ‘வெளிப்பட்டுள்ளது’ என்று வருகிற வினையும் இதே வேரில் பிறந்தது.

தமிழில் இதற்குக் ‘காட்சி’ என்ற சொல் கிடைத்தது நமக்கு வாய்த்த பேறு என்றே நினைக்கிறேன். காண்பதும் காட்சிதான், காட்டப்படுவதும் காட்சிதான். இறைவன் தம்மைக் காட்டுகிறார், மனிதர் காண்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. காட்டுகிறவர் முந்திக்கொள்கிறார் என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

இனி நிகழ்ச்சி. மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் முதல் பன்னிரண்டு வசனங்கள். கிழக்கிலிருந்து ஞானிகள் எருசலேமுக்கு வருகிறார்கள். “யூதர்களின் அரசராகப் பிறந்திருக்கிறவர் எங்கே? அவரது விண்மீன் எழக் கண்டோம். அவரை வணங்க வந்திருக்கிறோம்” என்கிறார்கள். எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. அரசர்கள் என்றும் சொல்லவில்லை. ‘மாகோய்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார். பாரசீகத்திலும் பாபிலோனிலும் வானத்தைக் கணித்து, கனவுகளுக்குப் பொருள் சொன்னவர்களுக்கான பெயர் அது. திருத்தூதர் பணிகள் நூலில் பவுலை எதிர்த்து நிற்கும் மந்திரவாதிக்கும் இதே சொல்தான். நம் பழைய மொழிபெயர்ப்புகளில் ‘சாஸ்திரிகள்’ என்று இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். விண்மீன்களைப் பார்த்துக் குறி சொல்வதை இஸ்ரயேலின் சட்டமும் இறைவாக்கினரும் ஏற்கவில்லை. அப்படிப்பட்ட தொழில் செய்தவர்களைத்தான் கடவுள் அழைத்து வருகிறார். அதுவும் அவர்களுக்குத் தெரிந்த ஒரே எழுத்தால், வானத்து ஒளியால் அழைக்கிறார். மீனவர்களான பேதுருவையும் அந்திரேயாவையும் பிற்காலத்தில் வலைகளுக்கு நடுவே நின்று அழைத்தவரும் இவர்தானே!

ஆனால் விண்மீன் அவர்களை முதலில் எருசலேம் வரைதான் கொண்டுவந்து சேர்க்கிறது. பெத்லகேம் என்ற ஊர்ப்பெயரை அவர்கள் மறைநூலிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞர்களும் மீக்கா இறைவாக்கினரின் சுவடியைத் திறந்து ஊரைச் சொல்கிறார்கள். கத்தோலிக்க நம்பிக்கையின் முக்கியமான பாடம் ஒன்று இந்தப் பயணத்தின் இரண்டு கட்டங்களில் இருக்கிறது. படைப்பும் அறிவும் மனிதரைத் தேடலுக்குள் தள்ளும்; வெகுதூரம் நடத்தியும் வரும். அதற்கு மேல், கடவுள் இஸ்ரயேலுக்கு அளித்த வாக்குறுதியின் துணை வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 528-ஆம் பத்தியில் இதைத்தான் சொல்கிறது: யூத மக்களிடம் திரும்பி, அவர்களிடமிருந்து அந்த வாக்குறுதியைப் பெற்றால்தான் யூதரல்லாத பிற இனத்தார் இயேசுவைக் கண்டுகொள்ள முடியும்.

அந்த மறைநூல் அறிஞர்களை நினைத்தால் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் மனம் கனக்கிறது. எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் நடந்துவிடலாம். வசனத்தைப் பிழையில்லாமல் சொன்னவர்களில் ஒருவர்கூட நடக்கவில்லை. புனித அகுஸ்தீன் அவர்களை மைல்கற்களுக்கு ஒப்பிட்டார்: போகிறவர்களுக்கு வழி காட்டிவிட்டு, தாங்கள் நட்ட இடத்திலேயே நிற்பவை மைல்கற்கள். மறைக்கல்வி கற்பிக்கிற என்னைப் போன்றவர்கள் இந்த உவமையைச் சுவரில் எழுதி மாட்டிக்கொள்ளலாம்.

ஞானிகள் நடந்தார்கள். “வீட்டிற்குள் அவர்கள் போய்க் குழந்தை அதன் தாய் மரியாவுடன் இருப்பதைக்” கண்டார்கள் என்கிறார் மத்தேயு. தொழுவம் என்று சொல்லவில்லை, வீடு என்கிறார். அடுத்த வரியில் தமிழ்த் திருவிவிலியம் ஒரு அருமையான சொல்லை வைத்திருக்கிறது: “நெடுஞ்சாண்கிடையாய் விழுந்து குழந்தையை வணங்கினார்கள்.” முகம் தரையில் படுமாறு முழு உடலும் விழுகிற வணக்கம். வேறு மொழிக்காரர்களுக்கு விளக்கவுரை தேவைப்படலாம். நமக்கு அந்தச் சொல்லே போதும். அவர்கள் பேசியதாக இங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. எருசலேமில் கேள்வி கேட்ட வாய் பெத்லகேமில் மூடியிருக்கிறது, உடல் பேசுகிறது. கோயிலில் நற்கருணை வைக்கப்பட்டிருக்கும் பேழைக்கு முன் நாம் முழந்தாளிடும்போது செய்வது இதன் தொடர்ச்சிதான்.

பிறகு பேழைகளைத் திறக்கிறார்கள். பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம். பொன் அரசருக்கு, சாம்பிராணி கடவுளுக்கு, வெள்ளைப்போளம் சாகப்போகிற மனிதருக்கு என்ற விளக்கம் மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித இரனேயு ஏற்கெனவே இப்படி எழுதியிருக்கிறார். பொன்னும் சாம்பிராணியும் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைப்போளம் என்னவென்று பிள்ளைகள் கேட்பார்கள். அரேபியாவின் தென்பகுதியிலும் ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையிலும் வளரும் ஒரு முட்செடியின் தண்டைக் கீறினால் வடிகிற கசப்பான பிசின் அது. இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். ஒரு துண்டு வாங்கி வந்து வகுப்பில் கொடுத்து முகரச் சொல்லுங்கள். பத்து நிமிடப் பேச்சைவிட அது நன்றாக விளக்கும்.

இந்த மூன்றாவது காணிக்கையில்தான் கதையின் நிழல் விழுகிறது. “எழு! ஒளிவீசு!” என்று தொடங்கும் எசாயாவின் 60-ஆம் அதிகாரத்தில், மக்களினங்கள் ஒட்டகங்களோடு எருசலேமுக்கு வருகின்றன, பொன்னும் நறுமணப் புகைப்பொருளும் கொண்டுவருகின்றன. வெள்ளைப்போளம் அந்தப் பட்டியலில் இல்லை. மத்தேயுவின் ஞானிகள்தான் அதையும் சேர்த்துக் கொண்டுவருகிறார்கள். சிலுவையில் அறையும்போது இயேசுவுக்கு வெள்ளைப்போளம் கலந்த மதுவைக் கொடுக்கப் பார்த்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். அவரை அடக்கம் செய்ய நிக்கதேம் வெள்ளைப்போளம் கலந்த நறுமணப் பொருளைக் கொண்டுவந்தார் என்று யோவான் எழுதுகிறார். பெத்லகேம் வீட்டிலேயே, அவர் சிலுவையில் இறந்த கல்வாரியின் வாசனை வந்துவிட்டது. குழந்தையைக் கொல்லத் தேடிய ஏரோது அரசனின் வாள் வேறு பின்னால் வருகிறது. இந்தத் திருநாளின் ஒளி இருட்டுக்கு நடுவே எரிகிற ஒளி.

அரசர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்கு விரைவாகப் பதில் சொல்லிவிடுகிறேன். அன்றைய பதிலுரைப் பாடலான 72-ஆம் திருப்பாடலில் தூரதேசத்து அரசர்கள் காணிக்கையோடு வந்து பணிகிறார்கள். அதை இந்த நிகழ்ச்சியோடு சேர்த்துப் படித்த திருச்சபை, ஞானிகளை அரசர்களாகவும் கண்டது. குடிலில் நிற்கும் ஒட்டகம் எசாயாவிடமிருந்து வந்தது. மூன்று காணிக்கைகள், ஆகவே மூன்று பேர். இத்தாலியின் ரவென்னா நகரில் ஆறாம் நூற்றாண்டு மொசைக் ஓவியத்தில் கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் இருக்கின்றன. பின்னால் வந்த ஓவியர்கள் ஒருவரை முதியவராகவும், ஒருவரை நடுவயதினராகவும், ஒருவரை இளைஞராகவும் தீட்டினார்கள்; ஒருவரைக் கறுப்பினத்தவராக்கி, உலகம் முழுவதும் வந்துவிட்டது என்று காட்டினார்கள். அவர்களுடைய அருளிக்கங்களாக, அதாவது உடலின் எச்சங்களாகப் போற்றப்படுபவை 1164-இல் மிலானிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே எழுந்த பேராலயம் இன்றும் திருப்பயணத் தலம். இவை நற்செய்தியில் இல்லை என்பதால் இவற்றை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லா இனமும், எல்லா வயதும் அந்த வீட்டுக்குள் வர வேண்டும் என்று ஏங்கிய மக்களின் செபம் அது.

இப்போது பலருக்குப் புதிதாக இருக்கக்கூடிய ஒன்று. ஞானிகளின் வருகை இந்தத் திருநாளின் முழுப்பொருள் ஆகாது. திருச்சபையின் அன்றாடச் செப நூலான திருப்புகழ்மாலையில் அன்றைய மாலைப் புகழின்போது மரியாவின் பாடலுக்கு முன்வாக்கியமாக வரும் பழைய பாடல் மூன்று நிகழ்ச்சிகளை ஒரே நாளில் கொண்டாடுகிறது: இன்று விண்மீன் ஞானிகளைக் குழந்தையிடம் நடத்தி வந்தது; இன்று திருமணத்தில் தண்ணீர் திராட்சை இரசமானது; இன்று நம்மை மீட்பதற்காகக் கிறிஸ்து யோர்தானில் யோவானிடம் திருமுழுக்குப் பெறத் திருவுளமானார். மூன்றுக்கும் ‘இன்று’ என்ற ஒரே சொல். நடந்தவை வெவ்வேறு ஆண்டுகளில் என்பது திருச்சபைக்குத் தெரியாதா என்ன? மறைந்திருந்த இறைமகன் வெளியே தெரிந்த மூன்று தருணங்கள் அவை. பெத்லகேமில் பிற இனத்தாருக்கு, யோர்தானில் தந்தையின் குரலாலும் தூய ஆவியின் வருகையாலும், கானாவில் தம் சீடர்களுக்கு. “தம் மாட்சியை வெளிப்படுத்தினார்” என்றே யோவான் கானா நிகழ்ச்சியை முடிக்கிறார்.

இந்தத் திருநாள் கீழைத் திருச்சபைகளில் பிறந்தது. நான்காம் நூற்றாண்டில் கிழக்கே ஜனவரி 6 பெரிய நாளாக இருந்தது. உரோமையின் டிசம்பர் 25 கிழக்கே போனது, கிழக்கின் ஜனவரி 6 மேற்கே வந்தது. ஆர்மேனியத் திருச்சபை இன்றும் கிறிஸ்து பிறப்பையே ஜனவரி 6-இல்தான் கொண்டாடுகிறது. கிழக்கில் யோர்தான் முன்னால் நின்றது. ஆறுகளையும் நீர்நிலைகளையும் அன்று மந்திரிக்கிறார்கள். மேற்கில் ஞானிகள் முன்னால் வந்தார்கள். நம் பக்கத்திலேயே இருக்கிற கேரளத்தின் தோமையார் கிறிஸ்தவர்கள் இந்நாளைச் சிரியாக் மொழியில் ‘தெனகா’ என்கிறார்கள். உதயம் என்று பொருள். இருஞ்ஞாலக்குடா பகுதிக்கு அந்த நாளில் போனால், வீட்டு முற்றங்களில் வாழைத்தண்டை நட்டு அதில் விளக்கேற்றி வைத்திருப்பதைப் பார்க்கலாம். பிண்டிப் பெருநாள் என்று அதற்குப் பெயர். ஒளி தோன்றியது என்பதை அதைவிட எளிமையாக யாரும் சொல்லிவிட முடியாது.

இலத்தீன் வழிபாட்டு முறையில் இன்று இந்த மூன்றும் பிரிந்து வருகின்றன. திருக்காட்சி ஜனவரி 6. அந்த நாள் கடன் திருநாளாக, அதாவது திருப்பலியில் பங்கேற்பது கடமையான நாளாக இல்லாத நாடுகளில் ஜனவரி 2-க்கும் 8-க்கும் இடைப்பட்ட ஞாயிறு. இந்தியாவில் நாம் ஞாயிறன்று கொண்டாடுவது இதனால்தான். அதை அடுத்து ஆண்டவரின் திருமுழுக்கு விழா. அதோடு கிறிஸ்து பிறப்புக் காலம் நிறைவு பெறுகிறது. கானா திருமண வாசகம் மூன்றாண்டுக்கு ஒருமுறை, அதற்கு அடுத்த ஞாயிறன்று வரும். இந்த ஞாயிறுகளைத் தொடர்ந்து கவனித்து வாருங்கள், ஒரே திருநாளின் மூன்று படிகளில் ஏறுவது தெரியும்.

அன்றைய திருப்பலியில் நான் காத்திருந்து கேட்பது காணிக்கை மன்றாட்டு. உம் திருச்சபையின் காணிக்கைகளைக் கண்ணோக்கும் என்று குரு மன்றாடுகிறார். இங்கே நாங்கள் தருவது பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் அல்ல. அவை எவரை முன்னறிவித்தனவோ அவரே, இயேசு கிறிஸ்துவே, இங்கே பலியாகிறார், உணவாகிறார் என்பது அதன் கருத்து. பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு. ஞானிகள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். நாமோ கைநீட்டிப் பெற்றுக்கொண்டு வருகிறோம். நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும் அந்த இரண்டு மூன்று நிமிடங்கள்தான் நம் விண்மீன் பயணம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு.

தனிச்செபத்துக்கும் இந்த நாள் ஒரு வழி தருகிறது. 2005 ஆகஸ்டில் கொலோனில் நடந்த உலக இளையோர் மாநாட்டுக்கு “அவரை வணங்க வந்திருக்கிறோம்” என்ற ஞானிகளின் சொற்களே மையக்கருத்து. அங்கே திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆராதனையைக் குறிக்கும் இரண்டு சொற்களை விளக்கினார். கிரேக்கச் சொல் பணிந்து விழுவதைக் குறிக்கிறது. இலத்தீன் சொல் முத்தத்தின் நெருக்கத்தைக் குறிக்கிறது. பணிவு அன்பாகக் கனிய வேண்டும் என்பது அவர் சொன்னதின் சாரம். நம் செபங்களில் பெரும்பாலானவை விண்ணப்பங்கள்; அதில் தவறில்லை, பிள்ளைகள் தந்தையிடம்தான் கேட்பார்கள். ஆனால் ஞானிகள் எதையும் கேட்கவில்லை. இந்த வாரத்தில் ஒரு நாளாவது கோயிலில் பத்து நிமிடம் எதையும் கேட்காமல் நற்கருணைப் பேழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முயலுங்கள். பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் கடினமாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஐரோப்பாவின் பல நாடுகளில் அன்று மந்திரித்த சுண்ணக்கட்டியால் வாசல் நிலையில் எழுதுவார்கள்: ஆண்டின் முதல் இரண்டு எண்கள், பிறகு ‘சி, எம், பி’ என்ற மூன்று எழுத்துகள், பிறகு ஆண்டின் கடைசி இரண்டு எண்கள். “கிறிஸ்து இந்த இல்லத்தை ஆசீர்வதிப்பாராக” என்ற இலத்தீன் வேண்டலின் முதலெழுத்துகள் அவை; மூன்று ஞானிகளின் பெயர்களின் முதலெழுத்துகள் என்றும் சொல்வார்கள். ஜெர்மனியில் சிறுவர் சிறுமியர் அரசர் வேடமிட்டு வீடுவீடாகப் பாடிச் சென்று இதை எழுதி, ஏழை நாட்டுக் குழந்தைகளுக்காகக் காணிக்கை சேர்க்கிறார்கள். 1959 முதல் இது நாடு தழுவிய முயற்சியாக நடக்கிறது. நம் ஊர்களில் இந்த வழக்கம் அதிகம் பரவவில்லை. ஆனால் குடிலில் நம் குழந்தைகள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. டிசம்பர் 24 அன்றே மூன்று அரசர்களையும் தீவனத்தொட்டிக்கு அருகில் வைத்துவிடாதீர்கள். வீட்டின் கிழக்கு மூலையில் வைத்து, நாளுக்கு ஒரு முழம் நகர்த்தச் சொல்லுங்கள். திருக்காட்சியன்று அவர்கள் வந்து சேரட்டும்.

அந்த அம்மாவிடம் நான் சொன்ன ‘பிற இனத்தார்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். கிறிஸ்து பிறந்த இரவில் அவரைக் காண வந்த இடையர்கள் யூதர்கள், வாக்குறுதியின் மக்கள். ஞானிகள் வெளியார்கள். வாக்குறுதி என்று ஒன்று இருப்பதே தெரியாத ஊர்களிலிருந்து வந்தவர்கள். நம் முன்னோரும் அந்த வெளியார் வரிசையில்தான் நிற்கிறார்கள். இடையர்களின் குடிலைப் பார்த்து மகிழ்கிறோம், ஆனால் நம்முடைய பெயர் எழுதியிருப்பது ஞானிகளின் பயணத்தில்தான். அன்றைய இரண்டாம் வாசகத்தில் எபேசியருக்கு எழுதிய திருமுகம் இதை வெளிப்படையாகச் சொல்கிறது: பிற இனத்தாரும் உடன் உரிமையாளர், ஒரே உடலின் உறுப்பினர், வாக்குறுதியின் உடன் பங்காளிகள். கடைசியில் வந்தவர்களுக்குத் தனிப்பந்தி போடவில்லை. அதே இலையில் அதே உணவு. இதை நம்புகிற நாம், சில ஊர்களில் இறந்தவர்களைப் புதைக்கும் தோட்டத்தில்கூடச் சாதிச் சுவரை நிறுத்தி வைத்திருக்கிறோம். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு “ஆண்டவரே! எல்லா இனத்தவரும் உம்மை வணங்குவர்” என்று பல்லவி பாடுகிறபோது என் தொண்டை அடைத்துக்கொள்கிறது. மத்தேயு தம் நற்செய்தியைத் தொடங்கும்போது வெளியாரை உள்ளே அழைத்து வருகிறார். முடிக்கும்போது உயிர்த்த ஆண்டவர் “எல்லா மக்களினத்தாரையும் சீடராக்குங்கள்” என்று உள்ளே இருப்பவர்களை வெளியே அனுப்புகிறார். உள்ளே வந்தவர் கதவைச் சாத்திக்கொள்ள அந்த நற்செய்தியில் இடமே இல்லை.

ஞானிகள் “வேறு வழியாகத்” தங்கள் நாடு திரும்பினார்கள். ஏரோதிடமிருந்து தப்பவே அப்படிச் சென்றார்கள். ஆனால் புனித பெரிய கிரகோரியார் அதில் நம் பயணத்தையும் கண்டார்: நம் தாய்நாடு விண்ணகம், இறுமாப்பாலும் கீழ்ப்படியாமையாலும் அங்கிருந்து வந்தோம், வந்த வழியே திரும்ப முடியாது.

அன்று நற்செய்திக்குப் பின் ஓர் அறிவிப்பு வரலாம். அந்த ஆண்டின் திருநீற்றுப் புதன், உயிர்ப்புப் பெருவிழா, விண்ணேற்றம், தூய ஆவி வருகை ஆகியவற்றின் தேதிகளைப் பாடலாக அறிவிக்கிற பழைய முறை திருப்பலிப் புத்தகத்தில் இன்றும் இருக்கிறது. அச்சிட்ட நாட்காட்டி இல்லாத காலத்தின் வழக்கம். அலெக்சாந்திரியாவின் ஆயர்கள் உயிர்ப்பு நாளை ஆண்டுதோறும் மடல் எழுதி அறிவித்தார்கள். புனித அத்தனாசியு 367-இல் எழுதிய அத்தகைய மடலில்தான் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் இன்று நாம் அறிந்தபடி முதன்முறையாகப் பட்டியலிடப்பட்டன. எங்கள் பங்கில் சாமியார் அந்த அறிவிப்பைப் பாடாமல் வாசித்தார். உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தைய இரவான பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்குப் பெறவிருந்த அந்த அம்மா, தேதியைக் கேட்டதும் பக்கத்தில் இருந்த மகளிடம் பேனா கேட்டு, உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.